டிரேடு நர்ஸிங் அசிஸ்டென்ட், போஸ்டிங் ஆபீஸ் மேஜை: இரண்டு வருஷத்தில் கை மறக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

மலைக்காற்று கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஆர்மி மெடிக்கல் கோர், நர்ஸிங் அசிஸ்டென்ட் டிரேடு, நாயக் ரேங்க். யூனிட், இடம் எதுவும் எழுதவில்லை. பதில் சொல்கிறவர்களும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது முழு நேரமும் டாக்குமென்டேஷன் வேலை. மெடிக்கல் போர்டு ஃபைல், ரெஜிஸ்டர், கம்ப்யூட்டர் என்ட்ரி. நோயாளியைத் தொடுகிற வேலை எதுவும் இல்லை. இன்னும் 22 மாதம் இப்படித்தான். அதற்கடுத்து ஃபீல்டு போஸ்டிங், உயரமான இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். போய் இறங்கிய மறுநாளே காயம்பட்ட ஜவானைக் கையில் கொடுத்தால் தடுமாறக் கூடாது என்பதுதான் கவலை.

தெரிந்துகொள்ள விரும்புவது: எந்தத் திறமை முதலில் மங்கும்? பாரக்கில் பொம்மை, மாடல் எதுவும் இல்லாமல் எதையெல்லாம் பழகலாம்? ஐ.வி. (ரத்த நரம்பில் ஊசி) போடுவதை நோயாளி இல்லாமல் எப்படிப் பழகுவது? வாரம் ஒரு நாள் ஹாஸ்பிடலில் வேலை செய்ய அனுமதி கேட்டால், மேஜை வேலையிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைக்காதபடி எப்படிக் கேட்பது? தினம் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். கையிலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம்.

பழைய ஆர்.ஏ.பி. எழுதியது:

தம்பி, எது முதலில் போகும்னு தெரிஞ்சாத்தான் நேரத்தை எங்கே போடணும்னு தெரியும். ஸ்ட்ரெச்சர் தூக்குறது, ஆளைத் தோளில் போட்டு ஓடுறது மாதிரி உடம்போட சேர்ந்த அசைவுகள் வருஷக்கணக்கில் நிக்கும். சீக்கிரம் போறது ரெண்டு. ஒண்ணு, வரிசை தப்பாமல் செய்யவேண்டிய பல படி வேலைகள். இன்னொண்ணு, எண்கள்: டோஸ், சொட்டுக் கணக்கு, நேரம். சி.பி.ஆர். (இதயம் நின்னவனுக்கு நெஞ்சை அழுத்துறது) தரம் பயிற்சி முடிஞ்ச மூணு முதல் ஆறு மாசத்துக்குள்ளேயே இறங்கிடுதுன்னு பல நாட்டு ஆய்வுகளும் சொல்லுது. அதைவிடக் கஷ்டம் என்னன்னா, கை மங்குற வேகத்தில் நம்பிக்கை மங்குறதில்லை. “எனக்குத் தெரியும்”னு தோணிக்கிட்டே இருக்கும். அதனால பழகுறது ஒரு பக்கம், அளக்குறது ஒரு பக்கம். ஸ்டாப்வாட்ச் வேணும், பக்கத்தில் நின்னு படி படியா டிக் போட இன்னொரு ஆளும் வேணும்.

ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் உட்காருறதைவிட தினம் கால் மணி நேரம் பலமடங்கு மேல்.

டூர்னிக்கேயில் (ரத்தத்தை நிறுத்த கை காலில் இறுக்கிக் கட்டுற பட்டை, முறுக்க ஒரு குச்சி இருக்கும்) இருந்து ஆரம்பிங்க. பயிற்சிக்குன்னு ஒண்ணு தனியா வாங்கி, பெரிய எழுத்தில் “பயிற்சி”ன்னு எழுதுங்க. திரும்பத் திரும்ப முறுக்கினது குச்சியும் ஒட்டுப் பட்டையும் தளர்ந்திருக்கும். அதை நிஜ கிட்டில் வெச்சா தேவைப்படுற நேரத்தில் கையில் உடையும். காயத்துக்கு மேலே நாலு விரல் அகலம் தள்ளிப் போடணும். முட்டி, முழங்கை மூட்டு மேல போடக் கூடாது. பாக்கெட்டில் செல்போன், சாவி இருந்தா அது மேலயும் போடக் கூடாது. காயம் எங்கேன்னு தெரியலைன்னா கை கால் தொடங்குற இடத்துக்கிட்ட உயரப் போடுங்க.

நிறையப் பேர் தப்பு விடுற இடம் குச்சி இல்லை, பட்டை. பட்டையை முதல்லயே இறுக்கி இழுக்காமல் குச்சியை முறுக்க ஆரம்பிக்கிறாங்க. அப்ப எத்தனை சுத்து சுத்தினாலும் துணிதான் சுருங்கும், ரத்தம் நிக்காது. பட்டைக்குக் கீழே மூணு விரல் நுனி நுழையக் கூடாது, அதுக்கப்புறம்தான் குச்சி. ரத்தம் நின்னுச்சா, கீழே நாடி போச்சான்னு ரெண்டையும் பார்க்கணும். அரைகுறையா இறுக்கினா சிரை மட்டும் அடைபட்டு ரத்தம் இன்னும் கூடவே வரும். நேரம் எழுதுறது கடைசிப் படி, மறந்துபோறதும் அதுதான். இலக்கு: ஒரே கையால், தன் காலிலும் தன் மறு கையிலும், ஒரு நிமிஷத்துக்குள்ள. வலது கையால் பத்து தடவை பழகினா இடது கையால் இருபது தடவை. பயிற்சியில் நாடி போனதும் உடனே தளர்த்திடுங்க, நிமிஷக்கணக்கில் விட்டுவைக்காதீங்க.

அடுத்தது காயத்துக்குள்ள காஸ் (கட்டுப்போடுற வலைத்துணி) திணிக்குறது. இதுக்கு பொம்மை வேண்டாம். மெத்தைக் கடையில் பத்து செ.மீ. கனத்தில் ஒரு ஃபோம் துண்டு வாங்குங்க. கத்தியால் அஞ்சு ஆறு செ.மீ. ஆழம் கீறுங்க. பழைய டிரிப் செட் குழாயில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டை கீறலோட அடியில் வர்ற மாதிரி ஃபோமுக்குள்ள செருகுங்க. குழாயோட ஒரு நுனியைக் கட்டிடுங்க. மறு நுனியை, குங்குமம் கரைச்ச தண்ணி ஒரு லிட்டர் பாட்டிலில் ஊத்தி ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு இணைச்சிடுங்க. விரலை உள்ள விட்டு ஓட்டை எங்கே இருக்குன்னு தொட்டுக் கண்டுபிடிக்கணும். அந்த விரலை எடுக்காமலே மறு கையால் காஸை அந்த இடத்திலயே அழுத்தணும். பிறகு ஒரு விரல் எடுக்க ஒரு விரல் வைக்கன்னு விடாமல் திணிச்சிக்கிட்டே போகணும். மேலே மேடு கட்டுற வரைக்கும் திணிங்க. அதுக்கு மேல ரெண்டு கையாலும் அழுத்தம்: ரத்தம் உறையவைக்குற மருந்து பூசின காஸ்னா குறைஞ்சது மூணு நிமிஷம், வெறும் காஸ்னா பத்து நிமிஷம். கடிகாரம் பார்த்துச் செய்யுங்க, பத்து நிமிஷம் எவ்வளவு நீளம்னு அப்பத்தான் தெரியும். தப்பு எங்கே நடக்கும்னா, மேலாப்பில அடைச்சிட்டு அடியில் வெற்றிடம் விட்டுடுவாங்க. இல்லைன்னா “நின்னுச்சா”ன்னு நடுவில் தூக்கிப் பார்ப்பாங்க. ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான், முதலிலிருந்து ஆரம்பிக்கணும். காஸைத் துவைச்சுக் காயவெச்சு மறுபடி பயிற்சிக்கு எடுத்துக்கலாம்.

சி.பி.ஆருக்கு மட்டும் வீட்டுப் பொருள் சரிவராது. அழுத்தம் அஞ்சு முதல் ஆறு செ.மீ. ஆழம் போகணும், ஒவ்வொரு அழுத்துக்கும் நெஞ்சு முழுசா மேல வரணும். இதைச் சொல்லித்தர பொம்மையால்தான் முடியும். மாசம் ஒரு தடவை பக்கத்து ஹாஸ்பிடல் ட்ரெய்னிங் ரூமில் கேட்டு வாங்குங்க. தரையில் இறுக்கி மடிச்ச ரஜாய் மேல வேகத்தையும் தோள் நிலையையும் பழகலாம். செல்போனில் மெட்ரோனோம் 110ல வைங்க. 100க்குக் கீழ போனா ரத்தம் போதுமான அளவு ஓடாது, 120ஐத் தாண்டினா ஆழம் தன்னால குறையும். 30 அழுத்து, 2 மூச்சு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்தணும், மாத்துற இடைவெளி பத்து விநாடியைத் தாண்டக் கூடாது. அந்த ஆள் மாத்துற இடத்தை யாரும் பழகுறதே இல்லை. ரெண்டு பேர் சேர்ந்து அதை மட்டும் இருபது தடவை செய்யுங்க.

ராத்திரியில் விளக்கை அணைச்சிட்டு கிட்டைத் திறந்து பாருங்க. காஸ் எங்கே, கத்திரி எங்கே, ஏர்வே (மூச்சுப்பாதையைத் திறந்து வைக்குற குழாய்) எங்கேன்னு தொட்டே எடுக்கணும். முழு வரிசையையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க: பெரிய ரத்தப்போக்கு, மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், கடைசியில் உடம்புச் சூடும் தலையும். வாயால் சொல்லும்போது விட்டுப்போன படி உடனே காதில் தட்டும். மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தா எல்லாம் சரியா நடந்த மாதிரியே இருக்கும்.

சிப்பாய்_27 எழுதியது:

ஐ.வி.க்கு என்ன கவலை அண்ணே? ட்ரெய்னிங்கில் செஞ்ச மாதிரி ரூம்மேட் கையில் நீங்க போடுங்க, உங்க கையில் அவர் போடட்டும். ஃபோமில் குத்துறதைவிட நிஜ நரம்பு மேல்தானே.

எமர்ஜென்சி சிஸ்டர் எழுதியது:

தம்பி சிப்பாய், இதைச் செய்ய வேண்டாம். பயிற்சி மையத்தில் அது நடக்கும்போது பக்கத்தில் டாக்டர் இருக்கிறார், எமர்ஜென்சி டிரே இருக்கிறது, ஊசியை எறிய முறையான பெட்டி இருக்கிறது. பாரக்கில் இவை எதுவும் கிடையாது. ஊசி குத்திவிட்டால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. என்று மூன்றுக்கும் ஆபத்து. நரம்பு வீங்கிப் புண்ணானால் குத்தியவர் மேலும் குத்திக்கொண்டவர் மேலும் விசாரணை வரும். பயன்படுத்திய ஊசியை 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும், பாரக் குப்பைத்தொட்டியில் அல்ல. மனிதக் கையில் போடுவதென்றால் ஹாஸ்பிடலில், உத்தரவோடு, தேவைப்பட்ட நோயாளிக்கு மட்டும்.

மலைக்காற்று சார், கை அசைவைப் பழக ஒரு நல்ல மாடல் இருக்கிறது. சைக்கிள் கடையில் வால்வு டியூப் என்று மெல்லிய ரப்பர் குழாய் விற்பார்கள். அரை மீட்டர் வாங்குங்கள். அதில் சிவப்புத் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை முடிச்சுப் போட்டு, மறு நுனியைக் கொஞ்சம் உயரத்தில் வைத்த சிரிஞ்சில் செருகிவிடுங்கள். ஃபோம் துண்டில் ஒரு செ.மீ. பள்ளம் வெட்டிக் குழாயைப் படுக்கவைத்து, மேலே பழைய சர்ஜிக்கல் கையுறையை இழுத்துப் போர்த்துங்கள். தொட்டுப் பார்த்தால் நரம்பு போலவே துள்ளும்.

கேனுலாவை (ஊசி மேல் பிளாஸ்டிக் குழாய் போர்த்தியது) 15 முதல் 30 டிகிரி சாய்வில் நுழையுங்கள். பின்னறையில் சிவப்பு தெரிந்ததும் நிறையப் பேர் அங்கேயே ஊசியை உருவிவிடுகிறார்கள். அப்போது ஊசி நுனிதான் நரம்புக்குள் இருக்கும், பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே நிற்கும். அதனால்தான் தள்ளும்போது வீங்குகிறது. சிவப்பு வந்ததும் கோணத்தைத் தாழ்த்தி, இன்னும் இரண்டு மூன்று மி.மீ. மொத்தமாக முன்னே தள்ளி, பிறகு ஊசியை அசைக்காமல் பிளாஸ்டிக்கை மட்டும் வழுக்கி விட வேண்டும். ஒருமுறை பின்னிழுத்த ஊசியை மறுபடி அதே கேனுலாவுக்குள் செருகவே கூடாது. நுனி பிளாஸ்டிக்கை வெட்டிவிடும், வெட்டுப்பட்ட துண்டு ரத்தத்தோடு போய்விடும். ஃபோமிலும் இதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். கை பழகியதைத்தான் செய்யும். ஊசியை உருவும் முன் கையில் கட்டிய ரப்பரை அவிழ்ப்பதையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே செய்யுங்கள், மாடலில் ரப்பர் இல்லாவிட்டாலும் அவிழ்ப்பது போல. பயிற்சிக்குக் காலாவதியான கேனுலா கேட்டால் ஸ்டோரில் சில நேரம் கொடுப்பார்கள். அதற்கும் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், திருப்பிக் கொடுக்கும்போது கழிவுப் பெட்டியில் போட்டதற்கும் எழுத்து இருக்கட்டும்.

கேனுலா அளவுகளின் நிறங்களைச் சொல்லிப் பாருங்கள், தடுமாறாமல் வர வேண்டும்: 14 ஆரஞ்சு, 16 சாம்பல், 18 பச்சை, 20 ரோஸ், 22 நீலம், 24 மஞ்சள்.

இப்போது எண்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தும் செய்யலாம். சாதாரண டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு, மைக்ரோ செட்டில் 60. ஆனால் 15 சொட்டு செட்டும் உண்டு, பாக்கெட்டைப் படித்த பிறகே கணக்கு. 500 மி.லி. நாலு மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் 500 × 20 ÷ 240, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. தினம் இப்படி ஐந்து கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல்.

தீக்காயக் கணக்கும் அப்படித்தான். 70 கிலோ எடை, 30 சதவீதம் தீக்காயம் என்றால் 4 × 70 × 30 = 8,400 மி.லி. அதில் பாதி, 4,200 மி.லி., முதல் எட்டு மணி நேரத்தில். எல்லோரும் சறுக்குவது இங்கேதான்: எட்டு மணி நேரம் என்பது தீப்பட்ட நேரத்திலிருந்து, நம்மிடம் வந்த நேரத்திலிருந்து அல்ல. இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் அந்த 4,200 மி.லி. மீதி ஆறு மணி நேரத்தில் போக வேண்டும், மணிக்கு 700. இதைச் சொட்டாக மாற்றினால் நிமிடத்துக்கு 233 வரும், அதைக் கண்ணால் எண்ண முடியாது. அதனால் இரண்டு லைன் போட்டு, பாட்டில் காலியாகும் நேரத்தைக் குறித்துக் கண்காணிக்க வேண்டும். கணக்கு ஆரம்பம்தான், சிறுநீர் அளவைப் பார்த்து டாக்டர் கூட்டுவார், குறைப்பார்.

கடுமையான அலர்ஜிக்கு அட்ரினலின் பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஒரு மி.லி. ஆம்பூலில் ஒரு மி.கி. இருக்கிறது என்றால் அரை மி.லி. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் திரும்பவும். தோலுக்குக் கீழேயோ இடுப்பிலோ போட்டால் உள்ளே சேர நேரமாகும், அந்த நேரம் நோயாளியிடம் இல்லை. அதே அளவை நேராக நரம்பில் போட்டால் இதயமே தாறுமாறாகலாம். மருந்து, டோஸ், வழி மூன்றையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

பி.பி. எடுப்பது ஆபீஸிலும் செய்யலாம், யாருக்கும் ஆபத்தில்லை. டிஜிட்டல் மிஷின் வேண்டாம், ஸ்டெத்தும் கையால் அமுக்கும் மீட்டரும் போதும். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றடித்து, நாடி மறையும் அளவைப் பாருங்கள். பிறகு அதற்கு மேல் 30 வரை ஏற்றி, விநாடிக்கு இரண்டு மூன்று புள்ளியாக இறக்குங்கள். சட்டைக் கைக்கு மேலே கட்டுவது, கை தொங்கிக்கொண்டிருப்பது, முதுகுக்குச் சாய்மானம் இல்லாதது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது, இந்த நாலும் அளவைத் தவறாக்கும். வாரம் பத்துப் பேருக்கு எடுத்தால் காது மங்காது. ஒரு மணி நேரம் வெளிச்சத்தம் இருக்கிற இடத்திலும் எடுத்துப் பாருங்கள், ஆம்புலன்ஸில் அப்படித்தான் இருக்கும்.

ஜே.சி.ஓ. மெஸ் எழுதியது:

சிஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. நான் அனுமதி பற்றி மட்டும் எழுதுகிறேன், இதில்தான் பையன்கள் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

வாயால் போய் “ஹாஸ்பிடல் வேலை வேணும் சாப்” என்று கேட்டால், மேஜை வேலை பிடிக்கவில்லை என்றுதான் காதில் விழும். எழுதிக் கொண்டு போங்கள், ஒரு பக்கம் போதும். முதல் வரியில், டெஸ்க் வேலையில் எந்த மாற்றமும் கேட்கவில்லை என்று எழுதுங்கள். அடுத்து, கேட்பது என்ன: அருகிலுள்ள மிலிட்டரி ஹாஸ்பிடலில் சனிக்கிழமை காலை 8 முதல் 1 வரை, எமர்ஜென்சி அல்லது டிரஸ்ஸிங் ரூமில், மூன்று மாதத்துக்கு. சென்னை, வெலிங்டன் பக்கம் இருக்கிறவர்களுக்கு அங்கங்கே மிலிட்டரி ஹாஸ்பிடல் உண்டு. ஹாஸ்பிடலே இல்லாத இடத்தில் யூனிட் எம்.ஐ. ரூமை (யூனிட்டின் மருத்துவ அறை) கேளுங்கள், காலையில் உடம்பு சரியில்லாதவர்கள் வரும் சிக் ரிப்போர்ட் நேரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். மூன்றாவதாக, யூனிட்டுக்கு என்ன லாபம்: மாதம் ஒரு முதலுதவி வகுப்பு நீங்கள் எடுக்கிறீர்கள். கடைசியில், மெடிக்கல் ஆபீசர் கையெழுத்திடும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறீர்கள்.

இதை முதலில் சுபேதார் சாப் பார்க்கட்டும், அவர் வழியாக ஓ.சி. (யூனிட் தலைமை அதிகாரி) இன்டர்வியூ. சைனிக் சம்மேளனில் (யூனிட்டில் எல்லோரும் கூடும் கூட்டம்) எழுந்து பாயிண்ட்டாகக் கேட்பது கடைசி வழி. அங்கே கேட்டால் ஓ.சி. எல்லார் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும், அது உங்களுக்கு உதவாது. ஆபீஸில் இன்ஸ்பெக்ஷன், ஆடிட் நெருங்குகிற மாதத்தில் கேட்க வேண்டாம்.

பதிவேட்டில் தேதி, என்ன செய்தேன், எத்தனை, யார் பார்த்தார், எங்கே தவறியது. “ஐ.வி. 6, முதல் முயற்சியில் 4, தவறியது இரண்டும் முழங்கை மடிப்பில்” என்று இருக்க வேண்டும். “பயிற்சி செய்தேன்” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. கிளாஸ் அப்கிரேடேஷன் டெஸ்டுக்கும் புரமோஷன் காடருக்கும் உட்காரும்போது எதைப் படிக்கணும் என்று அந்த நோட்டே காட்டும்.

லீவில் ஊருக்குப் போகும்போது தனியார் கிளினிக்கில் சம்பளத்துக்கு ஊசி போடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸில் இருக்கும்போது அது கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும் எழுத்து அனுமதி இல்லாமல் வேண்டாம்.

இன்னொரு வாய்ப்பு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. உடல்தகுதித் தேர்வு ஓட்டம், ரூட் மார்ச், ஃபயரிங் ரேஞ்ச், இவற்றுக்கு மெடிக்கல் கவர் போட ஆள் தேடுவார்கள். நீங்களே பெயர் கொடுங்கள். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் வெயிலில் விழுகிற ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் சூடு 40 டிகிரிக்கு மேல் போய், பேச்சு குழம்பினால் அது ஹீட் ஸ்ட்ரோக். வேர்வை இருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்பது தவறு, ஓடி விழுகிறவனுக்கு உடம்பு நனைந்தே இருக்கும். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும், மலக்குடல் அளவுதான் நம்பத் தகுந்தது. முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஓடும் அந்த அரை மணி நேரத்தில்தான் மூளையும் ஈரலும் கெடும்.

அதனால் ஓட்டம் தொடங்கும் முன்பே நிழலில் ஒரு தார்ப்பாய், நூறு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஐஸ் பெட்டி, தார்ப்பாயின் நாலு ஓரத்தையும் தூக்கிப் பிடிக்க ஆட்கள் தயாராக இருக்க வேண்டும். ஆளை நடுவில் படுக்க வைத்து, தலை வெளியே இருக்க, ஐஸ் தண்ணீரை ஊற்றி அலசிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு 39க்கு இறங்கியதும் வெளியே எடுங்கள், அதற்கு மேல் விட்டால் குளிர் மிஞ்சிவிடும். கவர் போடும் ஒவ்வொரு நாளும் ஓட்டத்துக்கு முன் இதை ஒரு தடவை வெறும் ஆளை வைத்து நடத்திப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

மலைக்காற்று எழுதியது:

மூவருக்கும் ரொம்ப நன்றி. காஸ் திணிக்கும் ஃபோம் மாடல் செய்துவிட்டேன், ஆனால் இரண்டாவது தடவையே குழாய்க்குப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. சரி செய்ய வழி உண்டா? மெடிக்கல் கவருக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். உயரமான இடத்துக்கு இங்கே சமவெளியில் இருந்துகொண்டு எதைத் தயார் செய்ய முடியும்? பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் அடிபட்டால் யாரை முதலில் பார்ப்பது என்பதைத் தனி ஆளாக எப்படிப் பழகுவது?

பழைய ஆர்.ஏ.பி. எழுதியது:

தண்ணி பீய்ச்சுதுன்னா பாட்டில் ரொம்ப உயரத்தில் இருக்கும், இல்லை ஓட்டை பெரிசா இருக்கும். ஓட்டையை ரெண்டு மி.மீ.க்கு மேல போடாதீங்க, குழாய் ஃபோமுக்குள்ள நுழையுற இடத்தில் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவிக் காயவிடுங்க. ஃபோமைக் கீழே ஒரு டிரேயில் வைங்க, அறை நாறாது.

பல பேருக்குக் காயம்ங்கிறதுக்கு அட்டை போதும். இருபது அட்டை எழுதுங்க. ஒவ்வொண்ணிலும் நாலு விவரம்: நடக்குறானா, மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, மணிக்கட்டில் நாடி இருக்கா, சொன்னதைச் செய்யுறானா. அட்டைகளைக் கலைச்சிட்டு, இன்னொருத்தர் ஒண்ணு ஒண்ணா வாசிக்கட்டும். அரை நிமிஷத்துக்குள்ள நிறம் சொல்லணும். நடக்குறவன் பச்சை. மூச்சுப்பாதையைத் திறந்த பிறகும் மூச்சில்லைன்னா கறுப்பு. மூச்சு 30க்கு மேல, இல்லை மணிக்கட்டு நாடி இல்லை, இல்லை சொன்னதைச் செய்யலைன்னா சிவப்பு. மீதி மஞ்சள். சத்தம் போடுறவனை முதலில் பார்க்கப்போறதுதான் எல்லாரும் விடுற தப்பு, சத்தம் போட மூச்சு வேணும். அமைதியா கிடக்குறவன்கிட்ட முதலில் போங்க. சிவப்புன்னு சொன்னதும் ஒரே இடத்தில் நின்னு வைத்தியம் பார்க்க ஆரம்பிக்காதீங்க. இந்தச் சுத்தில் ரத்தத்தைக் கட்டுறது, மூச்சுப்பாதை திறக்குறது ரெண்டு மட்டும்தான், உடனே அடுத்த ஆள்.

எமர்ஜென்சி சிஸ்டர் எழுதியது:

உயரத்துக்கான பதில். பழக்கப்படுத்தும் நாட்களை முதலில் மனப்பாடம் செய்யுங்கள், ஏனெனில் அதைக் கண்காணிப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு: 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், 12,000 முதல் 15,000 வரை நாலு நாள், அதற்கு மேலே மறுபடி நாலு நாள். அவசரம் என்று இதைச் சுருக்கும்போதுதான் ஹேப்போ (உயரத்தில் நுரையீரலில் நீர் கோக்கும் நோய்) அதிகம் வருகிறது.

ஹேப்போ பெரும்பாலும் ஏறிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், இரவில் மோசமாகும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், கூட வந்தவர்களைவிடச் சட்டென்று சோர்ந்துபோவது. சளி நோய் என்று இருமல் மருந்து கொடுத்து ஓரமாகப் படுக்க வைத்துவிடுவதுதான் உயிரை எடுக்கிற தவறு. சாய்த்து உட்கார வையுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், ரத்தத்தில் அதன் அளவு 90 சதவீதத்தைத் தொட வேண்டும். கீழே இறக்குவதுதான் வைத்தியம், குறைந்தது ஆயிரம் மீட்டர். நிஃபெடிபின் மருந்து டாக்டர் உத்தரவில். உயர நோய் மூளையைத் தாக்கும் வகை என்றால் முதலில் நடை தள்ளாடும். குதிகாலும் விரல்நுனியும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்க்கும் சோதனையை இப்போதே ஆட்களிடம் நடத்திப் பழகுங்கள், சாதாரண நடை எப்படி இருக்கும் என்று கண் பழகியிருந்தால்தான் தள்ளாட்டம் தெரியும்.

ஹேப்போ பையில் (பம்ப் அடித்து உள்ளே காற்றழுத்தம் கூட்டும் பை) ஆளை வைத்தால் பம்ப் அடிப்பதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் உள்ளே அவர் விட்ட மூச்சே சேர்ந்துவிடும். அதனால் பம்ப் அடிக்க மாற்று ஆள் பட்டியல் முன்பே இருக்க வேண்டும். வாந்தி எடுக்கிறவரையும் நினைவு தப்பியவரையும் தனியே உள்ளே அடைப்பது பற்றி டாக்டரைக் கேட்டே முடிவெடுங்கள்.

சமவெளியில் பழகக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது, குளிர். தடித்த கையுறை போட்டுக்கொண்டு டூர்னிக்கேயும், மெல்லிய உள்கையுறையோடு கேனுலாவும் பழகுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் பொய் சொல்லும், விரலைச் சூடாக்கி, அலை சீராக வந்த பிறகே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டிரிப் பாட்டில் உறையும், பிளாஸ்திரி ஒட்டாது, பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஆம்பூல், பேட்டரி, டிரிப் பாட்டில் எல்லாம் ஜாக்கெட்டுக்குள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். எதை எந்தப் பக்கப் பாக்கெட்டில் வைப்பது என்று இப்போதே முடிவு செய்து, அதே இடத்திலிருந்து இருட்டில் எடுத்துப் பழகுங்கள்.

போவதற்கு முந்தைய சமவெளி மாதங்களில் பாம்புக்கடியையும் விட்டுவிடாதீர்கள். 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனைக்கு 2 மி.லி. ரத்தம், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய், அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் எடுத்தாலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும், தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறிவிடும். எம்.ஐ. ரூமில் அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால், அங்கே கண்ணாடிக் குழாய் தனியாக வைத்திருக்கிறார்களா என்று முதல் நாளே பாருங்கள்.

மலைக்காற்று எழுதியது:

கண்ணாடிக் குழாய் நாலு தனியாகக் கேட்டு வாங்கி, “சோப்பு வேண்டாம்” என்று எழுதி வைத்தாயிற்று. கடிதம் திங்கட்கிழமை சுபேதார் சாபிடம் போகிறது. மூன்று மாதம் கழித்து டூர்னிக்கே நேரத்தையும் ஐ.வி. முதல் முயற்சிக் கணக்கையும் இங்கேயே போடுகிறேன்.